ராத்திரி எட்டு மணிக்கு யூடியூப் சுற்றினால் அது இணையச் சமநிலை மீறலா?

தக்கலைக்குப் பக்கத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். உள்ளூர் கேபிள்காரர் மூலம் எடுத்த 100 எம்பிபிஎஸ் ஃபைபர். இரவு எட்டு முதல் பதினொன்று வரை டிவியில் யூடியூப் 360பி-க்கு இறங்கிச் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அதே நேரத்தில், திட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த படச் செயலி தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 95 காட்டுகிறது. துபாயில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப் அழைப்பும் போவதில்லை. "இது நெட் நியூட்ராலிட்டி மீறல்தானே, எங்கே புகார் கொடுப்பது?" என்று முடித்திருக்கிறார். நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமநிலை என்பது, இணைய நிறுவனம் எந்தத் தளத்தையும் செயலியையும் பாரபட்சமில்லாமல் நடத்துவது. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. யாராவது வேண்டுமென்றே யூடியூபை அமுக்குகிறார்களா என்பது ஒன்று. அமுக்கவில்லை, ஆனாலும் காசு கொடுத்த வேகம் வரவில்லை என்றால் சட்டம் என் பக்கம் நிற்குமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு.

துபாய் விஷயத்தை முதலில் தள்ளிவிடலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகும், குரல்பதிவு போகும்; நேரடி அழைப்பு போகாது. அங்கே இணையவழி அழைப்புக்கு அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். குளச்சலில் இருந்து கூப்பிட்டாலும் கொல்லங்கோட்டில் இருந்து கூப்பிட்டாலும் அடைப்பு அந்தக் கரையில்தான். இந்திய விதி எதுவும் அங்கே செல்லாது. போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலியை இரு பக்கமும் போட்டுக்கொள்வதே வழி. விபிஎன் (டேட்டாவை மறைத்து வேறு வழியே அனுப்பும் செயலி) போட்டுத் தப்பிக்கலாம் என்று தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். சட்டச் சிக்கல் வந்தால் மாட்டுவது அவர்தான்.

இனி சட்டம். இந்தியாவில் இதற்கு இரண்டு கால்கள். முதல் கால் விலை. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக இறக்கிய இன்டர்நெட் டாட் ஆர்க், பின்னால் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது, முதலில் வந்த வட்டாரங்களில் தமிழ்நாடும் கேரளமும் உண்டு. அதனால் குமரி மாவட்டக்காரர்கள் சிலருக்கு அது நினைவிருக்கலாம். சில தளங்கள் மட்டும் இலவசம், மற்றதுக்கெல்லாம் காசு. அதே ஆண்டு ஏப்ரலில், செயலிக்காரர் காசு கட்டினால் அந்தச் செயலி வாடிக்கையாளருக்கு இலவசம் என்ற ஏர்டெல் ஜீரோ அறிவிப்பும் வந்தது. மக்கள் லட்சக்கணக்கில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு, 2016 பிப்ரவரி 8 அன்று ஒழுங்குமுறை வந்தது: எந்த உள்ளடக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை போடக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சவரம்பு 50 லட்சம். பழைய வாட்ஸ்அப் பேக், ஃபேஸ்புக் பேக் எல்லாம் கடையில் இருந்து காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது கால் நடத்தும் விதம். ட்ராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்தது, தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூலையில் ஏற்று அந்த ஆண்டே உரிம நிபந்தனைகளில் சேர்த்தது. எந்த உள்ளடக்கத்தையும் தடுப்பது, தரத்தைக் கெடுப்பது, மெதுவாக்குவது, ஒன்றுக்கு மட்டும் கூடுதல் வேகமோ சலுகையோ கொடுப்பது, எல்லாம் பாரபட்சம். இங்கே கவனிக்க வேண்டியது, விதியின் எழுவாய் 'உள்ளடக்கம்'. எல்லாமே சேர்ந்து மெதுவாக இருந்தால் இந்த விதிக்கு அதில் வேலையே இல்லை.

அனுமதிக்கப்பட்டவையும் அதே ஆவணங்களில் இருக்கின்றன. நெரிசலைச் சமாளிக்க டிராஃபிக்கை நிர்வகிக்கலாம். ஆனால் அது தேவைக்கு அளவாக, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். திட்டத்தின் மாத வரம்பு, உதாரணமாக 3300 ஜிபி, தாண்டினால் வேகத்தைக் குறைப்பது எல்லா டேட்டாவுக்கும் ஒரே மாதிரி விழுகிறது, முன்கூட்டியே சொல்லியும் விடுகிறார்கள். அது மீறல் ஆகாது. நீதிமன்றமோ, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் அரசோ தடுக்கச் சொன்ன தளத்தைத் தடுப்பதும் விலக்கு. மொபைலில் வோல்டீ (4ஜி நெட்வொர்க்கில் போகும் சாதாரண) அழைப்பு தெளிவாகவும் வாட்ஸ்அப் அழைப்பு உடைந்தும் கேட்பதைப் பலர் சதி என்கிறார்கள். வோல்டீ இணையத்தின் வழியே போவதில்லை. நெட்வொர்க்குக்குள் அதற்கென்று உறுதி செய்யப்பட்ட தனிப் பாதை உண்டு. சிறப்புச் சேவைகள் என்று விதி அவற்றை வெளியே வைத்திருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இரவு எட்டு மணிக்கு இணையம் மந்தமாவதற்குப் பெரும்பாலான நேரம் காரணம் வெறும் கணக்கு. வீட்டுக்கு வரும் ஜிபான் என்ற, பல வீடுகள் பகிரும் ஃபைபரில் இறங்கு திசையில் 2.5 ஜிபிபிஎஸ் அளவு போகும். ஸ்பிளிட்டர் வைத்து 64 வீட்டுக்குப் பிரித்து, 64 பேரும் ஒரே நொடியில் முழுசாக இழுத்தாலும் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் தேறும். ஆக, கண்ணாடி இழை நெரிவது குறைவு. நெரிவது அதற்கு மேலே. கேபிள்காரரிடம் 400 வீடு, அவர் மேலே எடுத்திருக்கும் லைன் 1 ஜிபிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றது 40,000 எம்பிபிஎஸ், வாங்கியது 1,000. கேட்க மோசடி மாதிரி இருந்தாலும் உலகம் முழுக்க இணையத் தொழில் இப்படித்தான் நடக்கிறது, ஏனென்றால் பகலில் பாதிப் பேர் வீட்டிலேயே இல்லை. ஆனால் இரவில் 200 வீடு ஆளுக்கு 5 எம்பிபிஎஸ்ஸில் 1080பி ஓடவிட்டால் அந்த 1,000 முடிந்தது. இருநூற்று ஒன்றாவது வீடு வந்ததும் ரூட்டரின் வரிசை நிறைந்து பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) கீழே விழத் தொடங்கும், எல்லோருடைய வேகமும் தானாகப் பின்வாங்கும். யார் பாக்கெட் என்று யாரும் பார்க்கவில்லை.

மழைக் கோளாறை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது; ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவதும், தென்னை ஓலை விழுந்து வயர் மடங்குவதும் சாதாரணம். அப்படி ஒளி குறைந்தால் பாதிப்பு கடிகாரம் பார்த்து வராது, காலையிலும் தெரியும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று, வந்து சேரும் ஒளியின் வலுவைச் சொல்லும் ஒரு எண் இருக்கும். மைனஸ் 18 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் பிழைகள் வரும், அதற்கும் கீழே போனால் சிவப்பு லாஸ் விளக்கு மின்னும். உங்களுக்கு எட்டு மணிக்கு மட்டும் வருகிறது என்பதால் இதை ஒதுக்கிவிடலாம்.

அந்த 95-ஐப் பற்றி இரண்டு வார்த்தை. 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டில் மேல்சுமை போக உண்மையில் கிடைப்பதே 95-க்குச் சற்றுக் குறைவுதான், ஆகவே 95 வந்தால் அந்த லைன் முழுசாக இருக்கிறது. ஆனால் எது வரை முழுசு? ஸ்பீட் டெஸ்ட் தானாகவே பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுக்கும், பல நேரம் அது உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். தக்கலையில் இருந்து அழகியமண்டபம் வரை சாலை காலியாக இருக்கிறது என்று சொன்னால், மார்த்தாண்டம் பாலத்தில் என்ன நிலைமை என்று அதில் தெரியாது. இன்னொன்று: சோதனையை ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் போட்டீர்களா, டிவியிலேயே போட்டீர்களா? டிவி உள் அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால் ஒப்பீடே தப்பு. இரவில் பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கும்.

ஆகவே சோதனையை வரிசையாகச் செய்யுங்கள். ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரூட்டரில் செருகி, வீட்டில் மற்ற எல்லாக் கருவியையும் துண்டியுங்கள். யூடியூபில் ஒரு 1080பி வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் கனெக்‌ஷன் ஸ்பீட், பஃபர் ஹெல்த் என்று இரண்டு எண்கள் ஓடும். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அதைப் படம் பிடியுங்கள். கூடவே ஃபாஸ்ட் டாட் காம் போட்டுப் பாருங்கள்; அது நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களில் இருந்து இறக்கிப் பார்க்கிறது; அந்த சர்வர் நிறுவனத்துக்கு வெளியே இருந்தால், அதன் எல்லைக்கு அப்பால் நிலவரம் எப்படி என்பதற்குக் கொஞ்சம் துப்பு கிடைக்கும். ஸ்பீட் டெஸ்டில் சர்வரைக் கையால் மாற்றிச் சென்னை, மும்பை என்று வேறு நிறுவனங்களின் சர்வர்களிலும் பாருங்கள். பிங் நேரத்தையும் (ஒரு சின்னச் செய்தி போய்வரும் நேரம்) குறித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் இருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர்; கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போவதால் போய்வர 7 மில்லிவினாடி ஆகும். பாதை வளைவதால் 15, 20 வரை இயல்பு. காலையில் 18 இருந்தது இரவில் 120 ஆனால் வழியில் எங்கோ வரிசை நிற்கிறது. டிரேஸ்ரூட்டில் (வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் சோதனை) நடுவே ஒரு ரூட்டர் மட்டும் பதில் சொல்லாமல் போவதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். பல ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும்.

யூடியூபைக் குறிப்பாகப் பாதிக்கக்கூடிய ஒரு காரணத்தையும் பார்த்துவிட வேண்டும். அது க்விக் என்ற நெறிமுறையில், யுடிபி என்ற அனுப்பும் முறை வழியாக வருகிறது. சில சிறிய நெட்வொர்க்குகளில் தாக்குதல்களுக்குப் பயந்து யுடிபி மொத்தத்துக்கும் ஒரு வரம்பு கட்டியிருப்பார்கள். பகலில் யாருக்கும் தெரியாது. இரவில் யூடியூப் முட்டிக்கொள்ளும், டிசிபி என்ற வேறு முறை வழியே வரும் படச் செயலி ஓடும். குரோமின் ஃப்ளாக்ஸ் பக்கத்தில் க்விக்கை அணைத்துவிட்டு அதே வீடியோவை ஓடவிடுங்கள். சட்டென்று சரியானால் கேபிள்காரரின் நெட்வொர்க் ஆளிடம் "யுடிபி லிமிட் போட்டிருக்கீங்களா" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் எடுத்துவிடும் ஆட்கள் உண்டு, ஏனென்றால் அது யூடியூபைக் குறி வைத்துப் போட்டதே இல்லை.

அடுத்து விபிஎன். போட்டதும் வேகம் வந்தால் "பாரபட்சம் நிரூபணம்" என்று எழுதிவிடுகிறார்கள். அவசரம். விபிஎன் உள்ளடக்கத்தை மறைப்பதோடு பாதையையும் மாற்றிவிடுகிறது. நெரிந்த வாசலை விட்டு வேறு வாசல் வழியே போனதாலும் வேகம் வரலாம். இந்த இரண்டையும் பிரிக்க அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த வீஹே என்ற செயலி உதவும், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது. யூடியூப் டிராஃபிக்கின் பதிவைத் தன் சர்வரில் இருந்து ஒருமுறை அப்படியே அனுப்பும், இன்னொரு முறை உள்ளடக்கத்தை அடையாளம் தெரியாதபடி குலைத்து அதே பாதையில் அனுப்பும். இரண்டுக்கும் வேகம் வேறுபட்டால் நடுவில் ஒருவர் பாக்கெட்டைப் படித்து முடிவெடுக்கிறார் என்று சந்தேகிக்க இடம் உண்டு. வேறுபடவில்லை என்றால் வெறும் நெரிசல். ஒருமுறை ஓட்டி முடிவுக்கு வர வேண்டாம். இரவு நெரிசலே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மூன்று இரவு, இரவுக்கு நாலைந்து முறை.

திட்டத்தோடு வந்த செயலி ஏன் ஓடுகிறது என்பதற்கு, இங்கிருந்து பார்க்கும்போது எனக்கு வலுவாகத் தோன்றும் காரணம் கேஷ் சர்வர். பெரிய உள்ளடக்க நிறுவனங்கள் தங்கள் படங்களின் நகலை இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே பெட்டி வைத்துச் சேமித்திருக்கும். யூடியூபுக்கும் அப்படிப் பெட்டிகள் உண்டு. உள்ளே இருக்கும் நகல் நெரிந்த வெளி வாசலைத் தொடாமலே உங்களிடம் வரும். பெட்டி நிரம்பி வழிந்தால் மீதி தொலைவில் இருந்து வர வேண்டும், எட்டு மணிக் கதை அங்கே தொடங்கும். ரூட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியைக் கையால் மாற்றியிருந்தாலும் சில சேவைகள் தவறான ஊர்ப் பெட்டிக்கு அனுப்பிவிடும். மாற்றியிருந்தால் நிறுவனம் கொடுத்ததையே திரும்பப் போட்டுப் பாருங்கள். நகலைப் பக்கத்தில் வைப்பதை 2017 பரிந்துரையே தடைக்கு வெளியே வைத்தது. செயலியின் சந்தாவைத் திட்டத்தோடு சேர்த்து விற்பதும் தப்பில்லை, அதன் டேட்டா உங்கள் 3300-இல் கணக்காகும் வரை. அந்தச் செயலியின் டேட்டாவை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை என்றால் 2016 விதி மீது கால் வைக்கிறார்கள். சில சிறு நிறுவனங்கள் கேஷில் இருந்து வருவதற்கு 100, மற்ற இணையத்துக்கு 20 என்று ரூட்டரில் இரண்டு வரிசை போட்டு விற்பதுண்டு. அது பெட்டியின் இயல்பான வேகம் இல்லை, கையால் போட்ட சலுகை. என் வாசிப்பில் 2018 நிபந்தனைக்கு முரண். திட்டத்தின் சின்ன எழுத்தில் 'பியரிங் ஸ்பீட்' என்று, உள்ளே இருந்து வரும் டேட்டாவுக்கான தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான சண்டை நடப்பது இவை எதிலும் இல்லை, இரண்டு நெட்வொர்க்குகள் சந்திக்கும் வாசலில். 2013, 2014 வாக்கில் அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் தள்ளாடியது; 2014 பிப்ரவரியில் நேரடி இணைப்புக்கு நெட்ஃபிளிக்ஸ் காசு கொடுக்க ஒப்புக்கொண்ட பின் வேகம் ஏறியது. ஒரு பாக்கெட்டைக்கூட யாரும் படிக்கவோ அமுக்கவோ தேவைப்படவில்லை, வாசலை அகலப்படுத்தாமல் விட்டாலே போதும். அதற்கு முன், 2007-ல் அதே காம்காஸ்ட், கோப்பு பகிரும் பிட்டோரன்ட் இணைப்புகளைப் போலி முடிவுச் செய்தி அனுப்பி அறுத்தது; அதை ஒரு சோதனையில் பிடிக்க முடிந்தது. வாசலைச் சும்மா விட்டுவிடுவதை அப்படிப் பிடிக்க முடியாது. தென்கொரியாவில் அனுப்புகிறவர் நெட்வொர்க்குக்குக் காசு கட்டும் முறை இருக்கிறது. அந்தச் செலவைக் காரணம் காட்டி நேரலை வீடியோத் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அங்கே கடையைக் கட்டியது. இந்தியாவிலும் பெரிய செயலிகள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுவருகின்றன. முதலீட்டுச் செலவு பற்றிய அவர்கள் வாதம் முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த வீடியோவைக் கேட்டு இழுத்தவர் நீங்கள், அதற்கு மாதா மாதம் கட்டியவரும் நீங்கள். ஒரே பாரத்துக்கு இரண்டு பக்கமும் கூலி வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அமெரிக்காவில் இந்த விதிகள் 2015-ல் வந்து, 2017-ல் போய், 2024-ல் திரும்பி, 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தன. அங்கே இருந்து வரும் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கேயும் விதி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நம்முடையது உரிம நிபந்தனையாக நிற்கிறது.

புகாருக்கு வருகிறேன். உங்கள் சோதனைகள் நெரிசல் பக்கம் சாய்ந்தால், பெரும்பாலும் சாயும், நெட் நியூட்ராலிட்டி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் "நாங்கள் எதையும் தடுக்கவில்லை" என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள், அது உண்மையாகவும் இருக்கும். உங்களுக்குக் கைகொடுப்பது ட்ராயின் சேவைத் தர விதிகள். 2006 பிராட்பேண்ட் தர விதியிலேயே, உச்ச நேரத்தில் மேல்நோக்கிய இணைப்புகளின் (நிறுவனத்தை வெளி இணையத்தோடு சேர்க்கும் அப்லிங்க் லைன்கள்) பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதன் இடத்தைப் பிடித்தன. நீங்கள் காசு கட்டும் ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மாதம் வீட்டுக்கு வந்து காசு வாங்கும் கேபிள்காரர் பெரும்பாலும் முகவர். உரிமமும் பொறுப்பும் ரசீதில் உள்ள நிறுவனத்துக்கு. அதன் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். எண் இல்லாத புகார், புகாரே இல்லை. தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. ட்ராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் பொதுக்குறை தளம் அடுத்த படி. அதற்கு மேல் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

எழுதும் கடிதத்தில் கோபம் வேண்டாம், எண்கள் போதும்: "இன்ன தேதி இரவு 9.10-க்கு லேன் கேபிளில் எடுத்த அளவு இது, காலை 6 மணிக்கு எடுத்தது இது, மூன்று நாள் பதிவு இணைப்பில் உள்ளது. உங்கள் அப்லிங்க் இணைப்பின் உச்ச நேரப் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் தெரிவிக்கவும்." வீஹே மூன்று இரவும் ஒரே பக்கம் வேறுபாடு காட்டியிருந்தால் மட்டும் இன்னொரு பத்தி சேர்த்து, 2018 உரிம நிபந்தனையைக் குறிப்பிட்டு, அந்தப் படங்களையும் இணையுங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகலைக் கேபிள்காரரிடமும் கொடுத்துவிடுங்கள். பல ஊர்களில் அவர்தான் இந்தப் புகாரை உங்களைவிட அதிகமாக எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர். மேலே கூடுதல் பேண்ட்விட்த் கேட்க அவருக்கும் ஒரு தாள் வேண்டும்.